வாடகைக்கு விட வீடு வாங்குவோருக்கு ஆய்வுச் சேவை எவ்வளவு உதவும்? சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு மதிப்புரை

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், சரிவொன்றில் அமைந்த பழைய நகராட்சி வீட்டை வாடகைக்கு விடும் நோக்கத்துடன் வாங்க முனைந்தபோது, வீட்டைச் சோதித்து அறிக்கை தரும் தனியார் சேவை ஒன்றை அமர்த்தினோம். சில ஆயிரம் ராண்ட் பிடிக்கும் இச்சேவை முதலீட்டாளருக்கு எவ்வளவு தூரம் உதவும் என்பதையே இங்கு எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் பழைய வீடுகள் பெரும்பாலும் 'ஃபுட்ஸ்டூட்ஸ்' நிபந்தனையோடு, அதாவது உள்ளது உள்ளபடியே, கைமாறுகின்றன. விற்பவர் தமக்குத் தெரிந்த குறையை வேண்டுமென்றே மறைத்தார் என்று நிரூபித்தாலன்றி, பின்னர் தெரியவரும் பழுதுகளின் செலவு வாங்கியவர் தலையில்தான் விழும். 2022 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, தரகர் வழியாக விற்பவர் குறைகளைப் படிவத்தில் எழுதித் தர வேண்டும். ஆனால் அவர் அறியாத குறை அதில் இடம்பெறாது. கையெழுத்திட்ட பிறகும் விலகிக்கொள்ள ஐந்து நாள் அவகாசம் உண்டு என்று சிலர் நம்புகிறார்கள். அந்தச் சலுகை 250,000 ராண்டுக்கு மேற்படாத விலைக்கு மட்டுமே உரியது. இன்றைய விலையில் அது பெரும்பாலோருக்குப் பயன்படாது. ஆகவே, ஆய்வறிக்கை நிறைவளித்தால் மட்டுமே வாங்குவோம் என்ற நிபந்தனையை, வாங்க முன்வந்து நாங்கள் கையெழுத்திடும் விலைக்கோரிக்கைப் பத்திரத்திலேயே எழுதச் செய்தோம். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அறிக்கைக்குக் கொடுக்கும் பணம் வீண்.

ஆய்வாளர் ஈரமானியும் ஏணியும் கொண்டுவந்து நிதானமாகப் பார்த்தார். சுவரின் ஈரத்தை விட அவர் அதிக நேரம் செலவிட்டது வீட்டின் பின்புறத்தில். மேல்வீட்டு முற்றத்து மழைநீர் நேராக நம் பக்கத்துத் தாங்குசுவரின் பின்னால் இறங்குவதையும், நீர் வெளியேற விட்ட துளைகள் மண்ணடைத்துக் கிடப்பதையும், அதனால் சுவரின் நடுப்பகுதி சற்றே வெளியே தள்ளியிருப்பதையும் காட்டினார். 2022 ஏப்ரல் பெருமழையில் டர்பன் அமைந்த குவாசுலு-நடால் மாகாணத்தில் சரிவுகள் சரிந்ததைக் கண்டவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. வாசல் எந்தத் திசை என்று விசாரிக்கும் நம்மவர்கள், தண்ணீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று கேட்பதை நான் அதிகம் கண்டதில்லை. கொட்டகையின் அஸ்பெஸ்டாஸ் கூரை உடையாமல் இருப்பதால் உடனடி ஆபத்து இல்லை என்றும், கழற்றுவதானால் பதிவு பெற்ற ஒப்பந்தக்காரரே செய்ய வேண்டும் என்றும் குறிப்பிட்டார்.

அறிக்கையின் அமைப்பு அவருடைய நேர்த்திக்கு ஈடாக இல்லை. பொறுப்புத் துறப்பு வாசகங்கள் பக்கம் பக்கமாக நீள்கின்றன. துருப்பிடித்த கீலுக்கும் தள்ளிய தாங்குசுவருக்கும் ஒரே அளவு இடம். பூட்டிக் கிடந்த பின்கட்டின் கூரையுள் பார்க்கவில்லை என்ற செய்தி சிறிய எழுத்தில் கடைசியில் ஒளிந்திருந்தது.

பெரிய குறை வேறொன்று. இவ்வகை வீடுகளில் வாடகைக் கணக்கு நிற்பதே முற்றத்தில் பின்னர் கட்டிய அவுட்பில்டிங்கை, அதாவது பின்கட்டை, நம்பித்தான். அதன் பூச்சைப் பற்றிச் சொல்லும் அறிக்கை, அதற்கு டர்பனை ஆளும் எதேக்வினி நகராட்சியின் அனுமதி பெற்ற வரைபடம் உண்டா என்பதைத் தொடவே இல்லை. 1977-ஆம் ஆண்டின் கட்டடச் சட்டப்படி அனுமதியின்றிக் கட்டுவது குற்றம். தீப்பிடித்தால் காப்பீட்டாளர் இழப்பீட்டை மறுக்கவும் அது காரணமாகலாம். வரைபடத்தை விற்பவரிடம் நாமே எழுத்து மூலம் கேட்க வேண்டியிருந்தது. விற்பவர் தர வேண்டிய மின்னிணைப்புத் தகுதிச் சான்றிதழ் பின்கட்டையும் உள்ளடக்குகிறதா என்பதையும் தனியே கேட்டு உறுதிசெய்தோம்.

எதிர்பாராத பயன் ஒன்றும் உண்டு. 1999-ஆம் ஆண்டின் வாடகை வீட்டுச் சட்டம், குடியேறும் முன்பும் வெளியேறும்போதும் உரிமையாளரும் குடியிருப்பவரும் சேர்ந்து வீட்டைப் பார்க்க வேண்டும் என்றும், முன்பணத்தை வட்டி தரும் கணக்கில் வைக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஆய்வாளர் அறைவாரியாக எடுத்த புகைப்படங்கள் முதல் பார்வையின் பதிவுக்குத் துணையாக உதவுகின்றன. வாடகை தராதவரைக்கூட நீதிமன்ற ஆணையின்றி வெளியேற்ற முடியாது என்பதால், அதற்கு ஆகும் மாதங்களுக்கான பணத்தை ஒதுக்குவது வாங்குபவரின் கணக்கைச் சேர்ந்தது. அதை எந்த ஆய்வாளரிடமும் எதிர்பார்க்க முடியாது.

2025 ஏப்ரலில் உயர்த்தப்பட்ட வரம்பின்படி 1,210,000 ராண்ட் வரையிலான வீட்டுக்குச் சொத்து மாற்று வரி இல்லை. அந்த வரம்புக்குள் தனிவீடு வாங்குவோர், மிஞ்சும் பணத்தில் சிறு பகுதியை இச்சேவைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். எங்களுக்கு அறிக்கையின் தாங்குசுவர்ப் பக்கத்தைக் காட்டியே விலையைக் குறைக்க முடிந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பு வாங்குவோருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே கூரையும் வெளிச்சுவரும் பொதுச் சொத்து. ஆகவே உரிமையாளர் குழுமத்தின் வரவு செலவுக் கணக்கு, கூட்டக் குறிப்புகள், சட்டம் கோரும் பத்தாண்டுப் பராமரிப்புத் திட்டம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிப் படிப்பதே மேல்.