பிளாண்ட் என்ன நிறம்? வண்ண அட்டையும் வெள்ளை அட்டையும்

தொடக்கப் பள்ளியில் ஆங்கில நவுன் (பெயர்ச்சொல்), வெர்ப் (வினைச்சொல்), அட்ஜெக்டிவ் (பெயரடை) சொல்லிக்கொடுக்க மூன்று வழிகள் நடப்பில் இருக்கின்றன. வரையறையை மனப்பாடம் செய்ய வைத்து, பயிற்சி நூலில் அடிக்கோடிடச் சொல்வது ஒன்று. கடையில் விற்கும் வண்ணச் சொல்லட்டை இன்னொன்று. அதில் பெயர்ச்சொல்லுக்கு ஒரு நிறம், வினைச்சொல்லுக்கு ஒரு நிறம் என்று அட்டையிலேயே அச்சாகியிருக்கும். மூன்றாவது வழியில் எல்லாச் சொல்லும் வெள்ளை அட்டையில்தான். நிறத்தைத் தனி வடிவங்களாக வெட்டி வைத்துக்கொண்டு, வாக்கியத்தைப் படித்த பிறகு பிள்ளையே சொல்லின் மேல் வைக்க வேண்டும். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் போன்ற கொடைக்கானல் மேல்மலை ஊர்ப் பள்ளிகளுக்கு மூன்றாவதைத்தான் சொல்வேன்.

வரையறை வழியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 'நவுன் இஸ் எ நேமிங் வேர்ட்' என்று வகுப்பே கோரஸாகச் சொல்லும், தேர்விலும் மதிப்பெண் வரும். புது வாக்கியம் ஒன்றைக் கொடுத்தால் பாதிப் பேர் முதல் சொல்லை அடிக்கோடிடுவார்கள்.

வண்ண அட்டை அப்படி மோசமில்லை. ஒன்று, இரண்டாம் வகுப்பில் ஆப்பிள், டாக், ரன், ஜம்ப் வரைக்கும் நன்றாகவே ஓடும். சுவரில் தொங்கவிட்டால் பார்க்கவும் அழகு. சிக்கல் 'பிளாண்ட்' வந்ததும் தொடங்குகிறது. பூண்டு நடும் ஊரில் அந்தச் சொல் இல்லாமல் பாடம் நடத்த முடியாது. 'வி பிளாண்ட் கார்லிக்' என்றால் நடுவது. 'தி பிளாண்ட் இஸ் ஸ்மால்' என்றால் செடி. இந்தச் சொல்லை எந்த நிறத்தில் அச்சடிப்பது? ஒரு நிறத்தில் அச்சடித்துவிட்டால், அடுத்த வாக்கியத்தில் அட்டையே பிள்ளைக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறது.

எங்கோ ஒன்றிரண்டு சொல்லுக்கு மட்டும் வரும் சிக்கல் என்றால் விட்டுவிடலாம். தொடக்க வகுப்பின் அன்றாடச் சொற்களிலேயே இது நிறைய: வாட்டர், ரெயின், டிரை, கிளீன், லைட், கோல்ட். லைட் மூன்று வகையிலும் வரும்: விளக்கு வெளிச்சம், விளக்கை ஏற்று, கனமில்லாத பை. தமிழில் குளிர், குளிர்கிறது, குளிர்ந்த என்று சொல்லின் வாலே வகையைக் காட்டிவிடும். சொற்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டாலும் பொதுவாகப் பொருள் கெடாது. ஆங்கிலத்தில் வால் பெரும்பாலும் இல்லை, நிற்கும் இடம்தான் வகையைச் சொல்கிறது. பிள்ளைக்குப் புதிதாகப் பழக்க வேண்டியது அந்த இடத்தைப் பார்க்கும் கண்ணைத்தான். நிறம் பூசிய அட்டை அந்த வேலையைப் பிள்ளையிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது.

வடிவங்கள் மாண்டிசோரி முறையிலிருந்து வந்தவை. அதை உருவாக்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில்தான் தங்கியிருந்தார் என்பதால் இந்த மலைக்கு அவை அந்நியமும் அல்ல. பெயருக்குக் கறுப்பு முக்கோணம், வினைக்குச் சிவப்பு வட்டம், பெயரடைக்குக் கறுப்பைவிடச் சிறிய நீல முக்கோணம். மற்ற வகைகளுக்கும் வடிவங்கள் உண்டு. முதல் பருவத்தில் இந்த மூன்று போதும். வி, தி, இஸ் எல்லாம் வெறுமனே இருக்கட்டும்.

செய்முறை: கெட்டி அட்டையில் 28 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலத்தில் பட்டைகள் வெட்டுங்கள். ஏ4 லேமினேஷன் பவுச் ஒன்றில் மூன்று பட்டை அடங்கும். வாக்கியத்தைப் பட்டையின் கீழ்ப்பாதியில் எழுதுங்கள், மேல்பாதி வடிவத்துக்கு. பட்டைகளை ஜோடி ஜோடியாகச் செய்யுங்கள்: 'வி வாட்டர் தி கேரட்ஸ்', 'ஐ டிரிங்க் வாட்டர்', 'வி டிரை தி கிளாத்ஸ்', 'தி ஃப்ளோர் இஸ் டிரை'. தொடக்கத்தில் பத்து ஜோடி தாராளம். நான்கு பேர் ஒரு பாயில் உட்கார்ந்து, முதலில் படிக்க வேண்டும், பிறகு நடித்துக் காட்ட வேண்டும், அதன் பிறகுதான் வடிவம் வைக்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி மூன்றே: யாரு அல்லது எது? என்ன செய்றாங்க? எப்படி இருக்கு? ஜோடியின் இரண்டாம் பட்டையை முதல் பட்டைக்கு நேர் கீழே வைத்தால், ஒரே சொல்லின் மேல் வேறு வடிவம் வந்து நிற்பதைப் பிள்ளையே கண்டுபிடித்துச் சொல்லும்.

'கார்லிக் பிளாண்ட்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதில் கார்லிக் பெயரா, அடையா என்று ஆசிரியர்களே சண்டை போடுவார்கள். அதிகம் தவறுவது கோல்டில் (தங்கம் அல்ல, மேல்மலையில் மலிவாகக் கிடைக்கும் கோல்ட்). 'எ' வந்தால் அடுத்தது பெயர் என்று பிள்ளைகள் தாங்களாகவே ஒரு விதி செய்துகொண்டு, 'எ கோல்ட் டே'யிலும் கோல்டின் மேல் கறுப்பு முக்கோணம் வைப்பார்கள். அப்போது ஒரு சொல்லை விரலால் மறைக்கச் சொல்லுங்கள். கோல்டை மறைத்தால் 'எ டே' மிஞ்சும், நாள் நாளாகவே இருக்கிறது. டே-யை மறைத்தால் 'எ கோல்ட்' ஆகிவிடும், அது சளி.

பொருளுக்கும் இதே கதைதான். சொல்லட்டையின் பின்னால் ஒற்றைத் தமிழ்ச்சொல்லை எழுதினால் கோல்டுக்குக் குளிர்ச்சியா, சளியா? ரைஸ் என்றால் நெல்லா, அரிசியா, சோறா? அதனால் தமிழ்ப் பொருளை வாக்கியப் பட்டையின் பின்பக்கம் எழுதுவது மேல். விடை வடிவங்களையும் அங்கேயே சிறிதாக வரைந்துவிடலாம். பட்டையைப் புத்தகப் பக்கம்போலப் பக்கவாட்டில் திருப்பினால் வரிசை இடவலமாக மாறிவிடும். மேல் விளிம்பைக் கீழே கொண்டுவந்து புரட்டினால் மாறாது. அந்தத் திசையில் புரட்டியே வரையுங்கள், பிள்ளைகளையும் அப்படியே புரட்டப் பழக்குங்கள். ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் பள்ளியில் இது பெரிய உதவி. அவர் மற்ற குழுவோடு இருக்கும்போது இவர்கள் தாங்களே சரிபார்த்துக்கொள்வார்கள். 2022-இல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாக உட்காரும் குழுக்களுக்கும் பொருந்தும். அரும்புக்கு வாசிப்பும் நடிப்பும் போதும், மலருக்கு வடிவம்வரை போகலாம்.

பராமரிப்பில் வண்ண அட்டை, வெள்ளை அட்டை இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. வடகிழக்குப் பருவமழையில் எந்தத் தாளும் சுருளும், ஸ்கெட்ச் பேனா மை கசியும். பெர்மனென்ட் மார்க்கரில் எழுதி, லேமினேஷனை அட்டையோடு ஒட்ட வெட்டாமல் சுற்றிலும் 4 மி.மீ. விட்டு வெட்டினால் ஈரம் உள்ளே போகாது. வடிவங்களைச் சார்ட் தாளில் வெட்டாமல் ஃபோம் ஷீட்டில் வெட்டுங்கள், சிறிய முக்கோணம் 2.5 செ.மீ. போதும். அதைவிடச் சிறிதானால் தொலையும்.

நான்கு, ஐந்தாம் வகுப்பில் அட்வெர்ப் (வினையடை) வரும்போது இந்த முறை இதே அளவு கைகொடுக்குமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அட்வெர்ப் வாக்கியத்தின் முன்னும் வரும், நடுவிலும் வரும், கடைசியிலும் வரும். இடத்தைப் பார் என்று பழக்கிய பிள்ளை அங்கே தடுமாற வாய்ப்பு உண்டு. 'எல்ஒய்' என்று முடிந்தால் அட்வெர்ப் என்ற வால் விதியும் முழுதாக உதவாது. ஃப்ரெண்ட்லி அட்வெர்ப் இல்லையே.

வண்ண அட்டை ஏற்கெனவே வாங்கிவிட்ட பள்ளிகள் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆப்பிள், டாக் போன்றவற்றைச் சின்ன வகுப்புக்கு விட்டுவிட்டு, இரண்டு வகையில் வரும் சொற்களை மட்டும் பிரித்தெடுத்து, பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் அதில் மறுபடி எழுதிக்கொள்ளுங்கள்.