மரச்செருப்பு கடித்தால் எதைத் தடவுவது?

தோல் செருப்பு கடித்தால் தேங்காய் எண்ணெய் தடவி நாலு நாள் போட்டு நடந்தால் வழிக்கு வந்துவிடும். டச்சுக்காரர்களின் மரச்செருப்பான க்ளொம்பனிடம் அந்தப் பாச்சா பலிக்காது. முழுக்க மரம். இளகாது, நெகிழாது. புறங்காலில் எலும்பு மேடாக இருக்கும் இடம் பார்த்து அதன் வாய் விளிம்பு உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு இடி இடிக்கும். நெதர்லாந்தில் ஒரு துண்டுத் தோட்டத்தை வாடகைக்கு எடுத்துக் கொத்திக்கொண்டிருக்கும் எனக்கு, வாங்கிய நாள் முதல் இதே ரோதனை.

போன வாரம்தான் மரவேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, உள்பக்க மேல்விளிம்பைக் கொஞ்சம் சுரண்டி வாங்கினேன். அங்கே ஒட்டிக்கொள்ள ஒரு மெத்தைத் துண்டும் கொடுத்தார். இதற்கென்றே கடையில் தனியாக விற்கிறார்களாம்! அப்படியென்றால் இந்த நாட்டில் புறங்கால் வலிப்பது எனக்கு மட்டும் இல்லை. செய்கிறவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் விளிம்பை அப்படியேதான் செதுக்குகிறார்கள்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். இங்கே மழைக்காலம் வந்தால் மண் சொதசொதவென்று ஆகிவிடும். ரப்பர் பூட்ஸில் பாதம் வியர்த்து ஊறிப்போகும். க்ளொம்பனில் ஜனவரியிலும் கதகதப்பு, ஜூலையிலும் புழுக்கம் கிடையாது. மண்வெட்டி தவறி விழுந்தால் மரத்தில் ஒரு தழும்பு, அவ்வளவுதான். விரலுக்கு ஒன்றும் ஆகாது. பாதுகாப்புக் காலணிக்கான ஐரோப்பிய சிஇ முத்திரையோடு வரும் ஜோடிகள்கூட உண்டு. எல்லாவற்றையும்விட, கை முழுக்கச் சேறோடு வந்து லேஸ் அவிழ்க்கும் அவஸ்தை இல்லை. பின்வாசலில் உதறிவிட்டு உள்ளே போகலாம். அதற்காகவே பல நாள் மன்னித்திருக்கிறேன்.

ஆம்ஸ்டர்டாம் வரப்போகும் நண்பர் ஒருவர், "ஒரு ஜோடி வாங்கலாமா?" என்று கேட்டார். பக்கத்திலிருக்கும், பழைய காற்றாலைகளும் பட்டறைகளும் உள்ள ஸான்ஸ ஸ்கான்ஸ் கிராமத்துக்குப் போய் முதலில் செய்முறையைப் பாருங்கள் என்றேன். பாப்லர் அல்லது வில்லோ மரத்துண்டைப் பச்சையாகவே இயந்திரத்தில் மாட்டுவார்கள். டூப்ளிகேட் சாவி வெட்டுவதுபோல, மாதிரியைத் தடவித் தடவிப் பக்கத்திலிருக்கும் கட்டையை அது செதுக்கும். குடைந்து முடித்ததும் உள்ளே வாய் வைத்து ஊதிக் காட்டுவார்கள். முனையில் தண்ணீர் கசியும். அவ்வளவு ஈரம். அப்புறம் வாரக்கணக்கில் காய வேண்டும். வாசலில் நிற்கும் பூதாகர மஞ்சள் க்ளொம்பனுக்குள் ஏறி நின்று படம் எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை, நான் உட்பட.

துலிப்பும் காற்றாலையும் வரைந்த ஜோடி அலமாரிக்கு அழகு. நடக்க வாங்குவதென்றால் வழக்கமான செருப்பு எண்ணை நம்பாமல், தடித்த கம்பளிக் காலுறையோடு போட்டுப் பாருங்கள். கால்விரல் முன்னே தொடும்போது குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். புறங்கால் மேடாக இருப்பவர்கள், மேல்பக்கத்தைத் தாழ வெட்டித் தோல்பட்டை வைத்த ரகத்தைக் கேளுங்கள். எனக்கு விற்றவர் இதைப் பற்றி மூச்சே விடவில்லை.

ஊர் சுற்றிப் பார்க்க மட்டும் இதைப் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். கல் பாவிய தெருவில் கால் மணி நேரம் தாங்காது. எழுப்புகிற சத்தத்துக்குத் தெருவே திரும்பிப் பார்க்கும். என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. அடிப்பாகம் தேய்ந்துவிட்டதால் அடுத்த மாதம் புது ஜோடி வாங்கப்போகிறேன், இந்தத் தடவை தோல்பட்டை வைத்தது.