பெண் குருவானவருக்கு அங்கி: பல வருடம் உடுத்திய பிறகு

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் எனக்குப் பின்னால் படித்த தங்கை ஒருத்திக்கு விரைவில் குருப்பட்டம். "அக்கா, நீங்கள் அங்கி தைத்த கடையிலேயே நானும் கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை. அதனால் எழுதுகிறேன்.

துணியில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். டெரிகாட்டன். சித்திரை வெயிலில் கல்லறைத் தோட்டத்தில் அடக்க ஆராதனை நடத்தி வியர்வையில் ஊறினாலும், இரவில் அலசிப் போட்டால் விடிவதற்குள் காய்ந்துவிடும். இத்தனை வருடத்தில் பழுப்பேறவில்லை, தையல் எங்கும் பிரியவில்லை. பாவாடையின் நிறம் வெளியே தெரியாத கனம்.

ஆனால் அந்தக் கடைக்கு அங்கி என்றால் ஆண் உடுத்துவதுதான். அதில் தோளையும் உயரத்தையும் குறைத்துவிட்டால் பெண்களுக்கானது ஆகிவிட்டது! மார்புக்கும் இடுப்புக்கும் ஒரே நேர்வெட்டு. நெஞ்சுக்கு நேரே பொத்தான்களுக்கு நடுவில் வாய் பிளக்கும். உள்ளே ஊக்குக் குத்தாமல் நான் பீடத்தின் முன் நின்றதே இல்லை. இடது தோளில் முந்தானை மடிப்பு இருக்கும் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அந்தத் தோள் மேடாகி, கழுத்தைச் சுற்றிப் போடும் நீளப் பட்டையான ஸ்டோல் மறுபக்கம் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பை இல்லாததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆண்கள் அங்கியில் விலாப்பக்கம் ஒரு திறப்பு உண்டு. கையை விட்டால் பேண்ட் பை கிடைக்கும்; காலர் மைக்கின் பெட்டியை பெல்ட்டில் மாட்டிக்கொள்வார்கள். எனக்கும் அதே திறப்பை வைத்துத் தந்தார்கள். கையை விட்டால் புடவைக் கொசுவம்தான் இருக்கிறது. சாவிக்கும் கைக்குட்டைக்கும் இடமில்லை, ஞானஸ்நானம் பெறும் குழந்தையின் பெயரெழுதிய சீட்டுக்கும் இடமில்லை. மைக் பெட்டியைப் பாவாடை நாடாவில் செருகிக்கொள்வேன். ஒரு திருவிருந்து ஆராதனையில் பாத்திரத்தை உயர்த்தியபோது பெட்டி நழுவி, கொசுவத்தையும் இழுத்துக்கொண்டு இறங்கியது. ஒலிபெருக்கி கரகரத்தது. ஆலய வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை ஓடி வந்தார். வந்து அவர்தான் என்ன செய்வார்? முழங்கையால் இடுப்பை அழுத்திக்கொண்டே, முழங்காலிட்டிருந்தவர்கள் எல்லோருக்கும் கொடுத்து முடித்தேன். ஜெபத்தில் இருக்க வேண்டிய மனம் முழுவதும் நாடாவில் இருந்தது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

2013-இல் நந்தியால் திருமண்டலத்தில் புஷ்பலலிதா அம்மையார் தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயரானார். அதற்கு வெகு காலம் முன்பிருந்தே பெண்கள் குருவானவர்களாக ஊழியம் செய்கிறார்கள். இன்னுமா எங்கள் உடம்புக்கும் புடவைக்கும் ஒரு வெட்டு தெரியாது? "பை வைத்தால் அழகு கெட்டுவிடும்" என்று கடைக்காரர் சொன்னபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

போன மாதம் எனக்கு ரவிக்கை தைத்துத் தரும் அக்காவிடம் அங்கியைக் கொடுத்தேன். புடவை கட்டி, கைகளை உயர்த்தி நிற்கச் சொல்லி அளவெடுத்தார். கீழ்மடிப்பில் இருந்த உபரித் துணியை வெட்டி விலாவில் ஒட்டுக் கொடுத்து மார்பைத் தளர்த்தினார். இடுப்பில் டாட் பிடித்தார். பழைய திறப்போடு சேர்த்து ஆழமான பை ஒன்று தைத்தார். உள்ளே வலது தோளிலிருந்து ஒரு பட்டையை இறக்கி, அதன் நுனியில் மைக் பெட்டிக்கு உறை வைத்தார். பாரம் முழுவதும் தோளுக்குப் போய்விட்டது. கொசுவத்தை எதுவும் இழுப்பதில்லை. போன ஞாயிறு இரண்டு கைகளையும் விரித்து ஆசீர்வாதம் கூறினேன். ஒரு ஊக்கும் குத்தவில்லை.

இப்போது இது நல்ல அங்கி. பத்து வருடம்கூட உழைக்கும். ஆனாலும் தங்கையே, நீ அந்தக் கடைக்குப் போகாதே. துணியை மட்டும் நல்லதாகப் பார்த்து வாங்கி, உனக்கு ரவிக்கை தைப்பவரிடம் கொடு. ஆராதனைக்குக் கட்டும் புடவையிலேயே போய் அளவு கொடு. கோயில்பிள்ளையிடம் கேட்டு மைக் பெட்டியையும் கையோடு எடுத்துப் போ. உறையைப் பெட்டிக்கு அளந்து தைக்கச் சொல்.