பழைய சர்வருக்கு ஹார்ட் டிஸ்க் தேடி அலைந்த நாலு வருஷம்

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் ஒரு சின்னக் கணக்கு அலுவலகத்தின் சர்வர் என் பொறுப்பில் இருக்கிறது. டெல் பவர்எட்ஜ் ஆர்710, 2009-இல் வந்த மாடல். வணிகப் பதிவேடுகளை இங்கே ஐந்தாண்டாவது வைத்திருக்க வேண்டும் என்பதால் பழைய கோப்பெல்லாம் இதில்தான். "இன்னும் இந்தக் கிழட்டு மெஷினையா கட்டிக்கிட்டு அழறீங்க தம்பி?" என்பார் முதலாளி அண்ணன். புதுசின் விலையைச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்.

உள்ளே ஆறு 2 டிபி எஸ்ஏஎஸ் (சர்வர்களுக்கான இணைப்பு வகை) டிஸ்க். ஆறையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் ரெய்டு 6 முறை. இரண்டு போனாலும் தாங்கும். இதுவரை மூன்றை மாற்றியாயிற்று.

முதல் தடவை சிம் லிம் ஸ்குவேர் என்ற கணினிக் கடை வளாகத்தில் மாடி மாடியாக ஏறி இறங்கினேன். நான் கேட்ட கடைகளில் சாதாரணக் கணினிக்கான சாட்டா வகைதான் இருந்தது. எஸ்ஏஎஸ் பெட்டியில் சாட்டா டிஸ்க்கைச் செருகலாம்தான். ஆனால் எஸ்ஏஎஸ் டிஸ்க்குகள் இருக்கும் அதே ரெய்டில் அதைக் கலக்க, டிஸ்க்குகளை நிர்வகிக்கும் என் ரெய்டு கார்டு விடாது. சரி என்று ஆன்லைனில் 90 வெள்ளிக்கு ஒன்று வாங்கினேன், 'புதுசு போல'. செருகினால் கார்டு ஏற்கவே இல்லை. பார்த்தால் செக்டர், அதாவது டிஸ்க் தரவை எழுதும் சின்னத் துண்டு, 520 பைட்! பெரிய ஸ்டோரேஜ் பெட்டிகள் சில, 512 பைட் தரவோடு சரிபார்ப்புக்கு 8 பைட் சேர்த்து எழுதும். அதிலிருந்து கழற்றிய டிஸ்க் சாதாரண ரெய்டு கார்டுக்கு ஆகாது. வேறொரு கணினியில் எச்பிஏ கார்டு (ரெய்டு இல்லாமல் டிஸ்க்கை நேராக இணைப்பது) போட்டு, செக்டர் அளவை மாற்றும் எஸ்ஜி_ஃபார்மட் கட்டளையைக் கொடுத்து, ஓர் இரவு காத்திருந்து 512-க்கு மாற்றினேன். விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஓடிய நேரம் 43 ஆயிரம் மணிக்கு மேல், அதாவது நிற்காமல் கிட்டத்தட்ட ஐந்து வருஷம்.

வேடிக்கை என்னவென்றால், அது இன்னும் ஓடுகிறது. அடுத்து சீல் பிரிக்காத புதுசாகப் பார்த்து வாங்கியதோ நாலே மாதத்தில் படுத்துவிட்டது. வாரண்டி 30 நாள்தானாம். ஒன்றிரண்டை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் சீலைப் பார்த்து மயங்குவதை விட்டுவிட்டேன். மணிக்கணக்கை அழித்துவிட்டு விற்பவர்களும் இருப்பதால் அதையும் முழுதாக நம்புவதில்லை. நான் பார்ப்பது டிஸ்க்கில் பழுதான பிளாக்குகளின், அதாவது எழுத முடியாமல் கெட்டுப்போன இடங்களின், எண்ணிக்கையைத்தான். அது பூஜ்ஜியத்திலேயே நின்றால் நல்லது. வாரத்துக்கு வாரம் ஏறினால் மாற்று டிஸ்க்கை எடுத்து வைக்க வேண்டியதுதான். மூன்றாவதை வாங்கும்போது ஸ்மார்ட் அறிக்கையையும் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்வது) செக்டர் அளவையும் படமாக அனுப்பச் சொல்லி, பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.

போன மூன்றில் இரண்டு திங்கட்கிழமை காலையில் போனவை. கட்டடத்து ஏசி சனிக்கிழமை மதியமே நின்றுவிடும். எனக்கு அதன் மேல்தான் சந்தேகம். இப்போது தனியாக ஒரு சின்ன ஏசி ஓடுகிறது.

செத்த மூன்றும் என் டிராயரில். வாடிக்கையாளர்களின் அடையாள அட்டை எண்கள் இருக்கும் டிஸ்க்கை அப்படியே மின்கழிவுப் பெட்டியில் போட முடியுமா? துளைத்துவிட்டுப் போடலாம் என்று மாமாவிடம் டிரில் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டிவிடுவார்.