முட்டி ஜவ்வு அறுந்தால்: முன்பக்க நாணா, பின்தொடை நாணா?

கபடியில் ரெய்டு போய்ச் சட்டெனத் திரும்பும்போது முட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். சில மணி நேரத்தில் வீக்கம். பிறகு நடக்கும்போதே முட்டி நழுவும். இப்படியென்றால் பெரும்பாலும் ஏசிஎல் ஜவ்வு, அதாவது முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஜவ்வு, அறுந்திருக்கும். எண்ணெய் தேய்த்து இறுக்கிக் கட்டினால் முட்டி விறைத்துப்போவதுதான் மிச்சம். பாதம் சில்லிட்டிருந்தால் இரத்தக்குழாயிலும் அடி விழுந்திருக்கலாம். ஸ்கேன் வரட்டும் என்று இருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அறுந்தவர்கள் எல்லாருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. ஆனால் பயிற்சிக்குப் பிறகும் முட்டி நழுவினால், மறுபடி கபடியோ கால்பந்தோ ஆட வேண்டுமானால் அறுந்த ஜவ்வின் இடத்தில் உங்கள் காலிலிருந்தே எடுத்த நாணை (தசையை எலும்போடு பிணைக்கும் நார்) புதிதாக வைப்பதே நல்லது.

முன்பக்க நாண் என்பது முட்டிச்சில்லுக்குக் கீழேயிருந்து சுமார் 10 மி.மீ. அகலத்தில், இரு முனையிலும் எலும்புத் துண்டோடு எடுப்பது. எலும்போடு எலும்பு சேர்வதால் 6 வாரத்தில் பிடித்துக்கொள்ளும். குறை, மண்டியிட்டால் வலிக்கும். ஐந்து வேளை தொழுகிற கீழக்கரை இளைஞருக்கும், மண்டியிட்டு வலை வேலை பார்ப்பவருக்கும் இது சின்ன விஷயமில்லை.

பின்தொடை நாணை நாலு மடிப்பாக்கி வைப்பார்கள். மடித்த பிறகு தடிமன் 8 மி.மீ.க்குக் குறைந்தால் மறுபடி அறும் அபாயம் கூடும். எலும்பில் ஊன்ற 8 முதல் 12 வாரம். மண்டியிடும் வலி குறைவு. ஆனால் காலைப் பின்னுக்கு மடக்கும் பலம் குறையும். ஓட்டக்காரருக்கு அது இழப்பு.

20 வயது ரெய்டருக்கு எங்கள் தேர்வு முன்பக்க நாண். படகுத் தொழிலோடு ஆடுபவருக்குப் பின்தொடை நாண்.

எதை வைத்தாலும் முதல் 2 வாரத்தில் முட்டி முழுசாக நீள வேண்டும். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்குக் கீழே வையுங்கள். முட்டிக்கடியில் தலையணை வைத்தால் சுகமாக இருக்கும், ஆனால் கால் மடங்கியே நின்றுவிடும். தொடையை இறுக்கி, முட்டியின் பின்புறத்தைக் கட்டிலில் அழுத்தி 5 விநாடி பிடியுங்கள்.

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அதற்குள் ஆபரேஷனை முடித்துக்கொண்டு கடலுக்குப் போய்விடலாம் என்ற கணக்கு இங்கே ஆபத்து. 6 முதல் 12 வாரத்தில் வலி அடங்கிவிடும், ஆனால் புது நாண் மிகப் பலவீனமாக இருப்பது அப்போதுதான். விசைப்படகிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் குதித்து, பாதம் மணலில் புதைந்திருக்க உடம்பு திரும்பினால், வைத்த நாண் அறுந்துவிடும். கபடிக் களத்துக்குக் குறைந்தது 9 மாதம்; ஆபரேஷன் செய்த காலின் தொடை பலம் நல்ல காலின் பலத்தில் 90 சதவீதத்தை எட்டாவிட்டால் அதற்கும் மேலே.