துருவ மின்னலை எண்ண எதை நம்பலாம்?

செயற்கைக்கோளா, தரை நிலையமா? சென்னை வானத்துக்கு ஒரு விடை, வடதுருவத்துக்கு வேறு விடை.

1997 முதல் 2015 வரை சுற்றிய, வெப்பமண்டல மழையை அளந்த டிஆர்எம்எம் செயற்கைக்கோளின் மின்னல் கருவி நம் கோடை இடிமழையைக் கண்டது. வடக்கே 38 பாகை அட்சரேகையோடு அதன் பார்வை முடிந்தது. விண்வெளி நிலையத்தில் 2017-இல் பொருத்திய அதே வகைக் கருவி 55 பாகை வரை எட்டியது. 1995-இல் ஏவிய முன்னோடி மட்டும் 75 பாகை வரை பார்த்துவிட்டு, 2000-இல் ஓய்ந்தது. பூமத்திய ரேகைக்கு மேல் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் புவிநிலைக்கோள்களின் கண்ணுக்குத் துருவம் தெரியவே தெரியாது. போதாக்குறைக்கு, ஆர்க்டிக்கில் இடி இடிப்பதே சூரியன் மறையாத கோடையில். பகல் வெளிச்சத்தில் மின்னலொளியைப் பிரித்தெடுப்பது கடினம். செயற்கைக்கோளை இப்போதைக்குக் கழித்துவிடலாம்.

மிஞ்சுவது ரேடியோ: மின்னல் எழுப்பும் ரேடியோ அலையைத் தரை நிலையங்கள் கேட்கும். ஏஎம் வானொலியில் இடிமழையின்போது கேட்கும் கரகரப்பின் அடிமட்ட அலைவரிசை இது: 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ். மின்னூட்டம் கொண்ட வான் மேலடுக்கான அயனி மண்டலத்துக்கும் தரைக்கும் நடுவே இவ்வலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். துருவத்திலேயே நிலையம் நட வேண்டியதில்லை. ஆனால் பனிப்பாளம் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. கிரீன்லாந்தையோ அண்டார்க்டிகாவையோ கடக்கும் அலை நலிந்துபோகும்.

போட்டி இரண்டு வலையமைப்புகளுக்கு இடையில். வாஷிங்டன் பல்கலைக்கழகம் நடத்தும் உலக மின்னல் வலையமைப்பு ஒன்று. பின்லாந்தின் வைசாலா நிறுவனத்துடைய ஜிஎல்டி360 மற்றொன்று. 2010-க்கும் 2020-க்கும் இடையே, உலக மின்னலில் 65 பாகைக்கு வடக்கே விழும் பங்கு மும்மடங்கானது என்கிறது முதலாவது. அப்படியொரு பெரும் ஏற்றம் வைசாலாவின் கணக்கில் இல்லை. அதே வைசாலாதான் 2021-இல் 80 பாகைக்கு வடக்கே 7,278 மின்னல்களைப் பதிந்தது. முந்தைய ஒன்பது ஆண்டுகளின் மொத்தத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்கு!

முரண் எங்கே? பல்கலைக்கழக வலையமைப்பில் ஒரு மின்னலைக் குறைந்தது ஐந்து நிலையங்களாவது கேட்க வேண்டும்; வலுக்குறைந்தவை பெரும்பாலும் தப்பிவிடும். நிலையங்கள் கூடக்கூட எண்ணிக்கையும் கூடும். அதைச் சரிக்கட்டத்தான் உலக மொத்தத்தால் வகுத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் வடக்கில் மட்டும் செவித்திறன் கூடியிருந்தால், வகுத்தாலும் பிழை போகாது. அதனால் எண்ணிக்கைக்கு வைசாலா பக்கமே சாய்கிறேன். 80 பாகைக்கு அப்பால் ஒரே ஓர் ஆண்டு எகிறியதை வைத்துப் போக்கு என்று முழங்கவும் மாட்டேன்.

அலாஸ்காவின் காட்டுத்தீப் பிரிவுக்கு இந்தச் சண்டையே தேவையில்லை. எந்த மேட்டில் மின்னல் விழுந்தது என்று உடனே தெரிந்தால் போதும். அதற்கென உள்ளூர் உணரிகளை நட்டிருக்கிறார்கள். தீயணைக்கப் போகிறவனுக்கு அதுவே சரி.