ஏர் ரைஃபிளுக்கு எந்தக் குரோனோகிராப் வாங்கலாம்? பாபநாசத்திலிருந்து ஓர் அனுபவம்

பாபநாசம் பக்கத்தில் ஒரு பழைய நெல் குடோனில் பிள்ளைகளுக்கு 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சொல்லிக்கொடுக்கிறேன். பெல்லட் (ஏர் ரைஃபிளின் சின்னக் குண்டு) வேகத்தை அளக்க எந்தக் குரோனோகிராப் வாங்கலாம் என்று பெற்றோர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நான் வைத்திருப்பது ட்ரைபாடில் மாட்டும், இரண்டு ஒளிச் சென்சார் உள்ள சாதாரண வகை. ஒரு குறுவையும் ஒரு சம்பாவும் பார்த்துவிட்டது, ஆகவே தைரியமாக எழுதலாம்.

பெட்டியின்மேல் பெரிய எண்ணில் அச்சடித்திருக்கும் வேகத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பெல்லட்டும் ஒரே வேகத்தில் போகிறதா என்பதுதான் போட்டிக்குப் போகிற பிள்ளைக்கு முக்கியம். போட்டி ரைஃபிளில் 0.53 கிராம் பெல்லட் நொடிக்குச் சுமார் 175 மீட்டர் வேகத்தில் கிளம்பும். காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், 10 மீட்டர் போய்ச் சேர்வதற்குள் 16 மில்லிமீட்டர் இறங்கும். வேகம் 160 ஆகக் குறைந்தால் 19 மில்லிமீட்டர். வெறும் 3 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் ரைஃபிள் டார்கெட்டில் வளையத்துக்கு வளையம் இடைவெளியே 2.5 மில்லிமீட்டர்தான். நட்ட நடுவில் பட்டு அதிகபட்சப் புள்ளியான 10.9 வாங்க வேண்டிய பெல்லட் 9.7-க்குப் போய்விடும்.

எங்களிடம் ஒரு பெண்ணுக்கு இப்படித்தான் ஆனது. தொடர்ச்சியாகக் கீழேயே விழுந்துகொண்டிருந்தது. மூச்சு சரியில்லை, தோள் சரியில்லை என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். "நான் சரியாத்தான் சார் சுடுறேன்" என்றாள். ரைஃபிளைக் குரோனோகிராப்பின் முன்னால் வைத்ததும் தெரிந்துவிட்டது: 174, 173, 174, அப்புறம் 169, 165, 161. சிலிண்டரில் காற்று தாராளமாக இருக்கும்போதே வேகம் சரிந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில் காற்றை விட வேண்டிய ரெகுலேட்டரில் கோளாறு. அந்தப் பிள்ளையின் மேல் ஒரு தப்பும் இல்லை. இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும் என்பேன்.

இந்த வகையில் பெரிய தொல்லை வெளிச்சம். பெல்லட்டின் நிழல் முதல் சென்சாரையும் இரண்டாவது சென்சாரையும் கடக்கும் நேரத்தை வைத்துத்தான் கருவி வேகத்தைக் கணக்கிடுகிறது. சென்சார்களுக்கு இடையே 30 சென்டிமீட்டர் என்றால், 175 மீட்டர் வேகத்தில் அதைக் கடக்க 1.7 மில்லிநொடி. குடோனுக்குள் பழைய டியூப்லைட் எரிந்தால் அது வினாடிக்கு 100 முறை மினுக்குவதையும் கருவி நிழலாக எடுத்துக்கொள்ளும். வெளியே தென்னை மரத்தடியில் வைத்தால் இன்னும் மோசம், கீற்று ஆட ஆட 'எரர்' வரும். உச்சி வெயிலில் மேலே வெளிச்சத்தைச் சீராகப் பரப்பும் வெள்ளை டிஃப்யூசர் மாட்டியே ஆக வேண்டும். இதற்கென்றே அமைந்தது ஐப்பசி, கார்த்திகை மூட்டம். மழை விட்ட நேரத்தில் களத்தில் வைத்துச் சுட்டால் ஒரு எண் தவறாது. ஆண்டு முழுக்க உள்ளேதான் அளக்கப் போகிறீர்கள் என்றால், கூடவே விற்கிற அகச்சிவப்பு விளக்கையும் சேர்த்து வாங்குங்கள்.

மடக்கும் மாடலில் கீலை முழுக்க விரித்து, அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் மடங்கியிருந்தால் சென்சார்களின் இடைவெளி குறையும், வேகம் கூடுதலாகக் காட்டும். குழல் முனையை ஒட்டியும் வைக்காதீர்கள், ஊதும் காற்றே சென்சாரைத் தட்டிவிடும். ஏர் ரைஃபிளுக்கு ஒரு மீட்டர் தள்ளி வைக்கிறேன். பெல்லட் இரண்டு சென்சாருக்கும் மேலே நேராகப் போக வேண்டும். பின்னால் கனமான தடுப்பு இருக்கட்டும், பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரையும் அருகில் விடாதீர்கள்.

குழல் முனையில் மாட்டும் சின்ன வகை மலிவு. சொந்த விளக்கு இருப்பதால் உள்ளேயும் வேலை செய்யும். ஆனால் போட்டி ரைஃபிளில் குறி பார்க்கும் முன் சைட் இருக்கும் இடத்தில் அது உட்காராது. சற்றுக் கோணலாக மாட்டினாலும் பெல்லட் உள்ளேயே இடிக்கும். ரேடார் வகைக்கு இந்தக் கவலை கிடையாது. 2023-இல் வந்த கார்மின் ஸீரோ சி1 ப்ரோ கையடக்கமானது, ரைஃபிளுக்குப் பக்கத்தில் வைத்தால் போதும், வெளிச்சத்தை எதிர்பார்க்காது. வசதி இருந்தால் அதுவே. விலையைப் பார்த்தால் எங்களைப் போன்ற சிறு பயிற்சிக்கூடத்துக்குக் கட்டாது.

வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு உபயோகம். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேல் குழல் விட்டம் உள்ள, அல்லது 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டும். பெல்லட் எடையும் வேகமும் தெரிந்தால் ஆற்றலை நீங்களே கணக்கிடலாம். எங்கள் போட்டி ரைஃபிள் 8 ஜூல்தான். அதே 0.53 கிராம் பெல்லட் நொடிக்கு 275 மீட்டர் வேகத்தைத் தொட்டால் 20 ஜூல் வந்துவிடும்.

பேட்டரி தளர்ந்தால் எண்கள் தாறுமாறாக வரும். புதிதாக ஒரு 9 வோல்ட் பேட்டரி பையிலேயே கிடக்கட்டும். அறுவடை நேரத்தில் களத்துத் தூசு சென்சார் கண்ணில் படியும், சுடுவதற்கு முன் மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள்.